பழைய உடலும் புதிய எஞ்சினும்

1

பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்ட ஒரு காரை அதன் பழைய பதிவு எண்ணிலேயே ஓட விடலாமா என்று தீர்மானிக்க, பிரிட்டனின் வாகனப் பதிவு நிர்வாகம் நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டு வந்தது. சேஸிஸ், அல்லது சேஸிஸின் இடத்தில் நிற்கும் உடற்கூடு, பழையதாகவே இருந்தால் 5 மதிப்பெண். சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்ஸில்களுக்கு 2, கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2. எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 எடுத்தால் அது அதே கார். அந்த 8-இல் உடற்கூட்டின் 5 கட்டாயம் இருக்க வேண்டும். 8-க்குக் குறைந்தால் காரின் வயதும் வம்சமும் பறிபோய்விடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத வண்டிகளுக்குத் தருகிற 'க்யூ' எழுத்துப் பலகைதான் அதற்குக் கிடைக்கும்.

எஞ்சினுக்கு ஒரே ஒரு மதிப்பெண் என்பது முதலில் விசித்திரமாகப் படுகிறது. மோட்டார் கார் என்றாலே தானாக நகரும் வண்டி, நகர்த்துவது எஞ்சின். பேச்சில் அதைக் காரின் இருதயம் என்கிறோம், உயிர் என்கிறோம். ஆனால் இந்த அட்டவணையைத் தயாரித்த குமாஸ்தா (நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்) உயிர் எது என்று கேட்கவில்லை. எது போனால் மற்றவை நிற்க இடமில்லாமல் போகும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு விடை உடற்கூடு. எஞ்சின் வந்து போகிற ஒன்று.

நாற்பது ஐம்பது வருஷப் பழைய சிறிய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பல மடங்கு சக்தி கொண்ட பிற்காலத்து எஞ்சின் ஒன்றை அதில் வைப்பது இன்று பல நாடுகளில் ஓர் ஆசையாக, சில இடங்களில் ஒரு தொழிலாகவே, வளர்ந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்சி இதைத் துரோகம் என்கிறது: செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே ஒரு பொருள் இருக்க வேண்டும். மறு கட்சி சுதந்திரம் என்கிறது: என் கார், என் காசு, என் இஷ்டம். இரண்டும் சொத்தைப் பற்றிய பேச்சு என்றே எனக்குப் படுகிறது. ஒன்று சொத்தைப் பொக்கிஷமாகப் பார்க்கிறது, மற்றது அனுபவ உரிமையாகப் பார்க்கிறது. புதிதாக வந்து சேர்ந்த சக்தி, அதைத் தாங்க வேண்டிய உடலுக்கும், அது ஓடப்போகிற தெருவுக்கும் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வியை இரண்டு கட்சியுமே எழுப்புவதில்லை.

2

அடையாளத்தைப் பற்றிய தத்துவக் கேள்வி வந்தால் தீஸியஸின் கப்பலை இழுத்து வருவது வழக்கம். புளூடார்க் சொல்வது இது: ஏதன்ஸ் நகரத்தார் அந்தக் கப்பலைப் பாதுகாத்து வந்தார்கள், உளுத்த பலகையை எடுத்து அதன் இடத்தில் உறுதியான புதுப் பலகையை வைத்துக்கொண்டே போனார்கள், அது அதே கப்பல்தானா என்பது தத்துவவாதிகளிடையே சர்ச்சையாயிற்று. 1655-இல் ஹாப்ஸ் இதில் ஒரு குறும்பு செய்தார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி வைத்துக்கொண்டு அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீஸியஸின் கப்பல்?

அழகான கேள்விதான். ஆனால் நம் விஷயத்துக்கு இது பொருந்தவில்லை. ஏதன்ஸில் பலகையின் இடத்தில் பலகை வந்தது. அளவும் அதே, வேலையும் அதே. மாற்றம் தெரியக் கூடாது என்பதற்காகவே மாற்றினார்கள். எஞ்சின் மாற்றத்திலோ புதியது பழையதைப் போல் இல்லை என்பதற்காகவே அதைக் கொண்டுவருகிறார்கள். பழையது தேய்ந்துபோனதால் மட்டும் போகவில்லை. போதவில்லை என்பதால் போகிறது. ஆகவே 'அதே காரா' என்ற கேள்விக்கு எந்த விடை சொன்னாலும், முக்கியமான ஒன்று கேட்கப்படாமலேயே நிற்கிறது.

'மிலிந்த பஞ்ஹா'வில் வரும் ரதம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ரதத்தில் வந்திறங்கிய அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் ரதமா? அச்சு ரதமா? சக்கரமா? கூடா? கொடிக்கம்பமா? நுகமா? வாரா? தாற்றுக்கோலா? எதுவும் இல்லை என்கிறான் அரசன். இவை எல்லாம் கூடிய இடத்தில் 'ரதம்' என்ற பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான் என்று விவாதம் முடிகிறது. பௌத்தத்தின் அநாத்ம வாதத்துக்கு உதாரணமாக இதைப் பலரும் எடுத்தாண்டிருக்கிறார்கள். நான் கவனிக்க விரும்புவது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை. குதிரை அதில் இல்லை. குதிரையைப் பூட்டும் நுகம் இருக்கிறது, பிடிக்கும் வார் இருக்கிறது, விரட்டும் கோல்கூட இருக்கிறது. குதிரையை ரதத்தின் உறுப்பாக நினைக்க நாகசேனருக்கும் தோன்றவில்லை, மிலிந்தனுக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது நியாயம்தான். மாட்டை மாற்றினால் வண்டி மாறிவிட்டது என்று எந்த வண்டிக்காரனும் நினைத்ததில்லை. இழுக்கும் சக்தி வண்டிக்கு வெளியே இருந்தது. அதோடு, அதற்கு ஒரு புத்தியும் இருந்தது. மாடு களைத்தால் நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டி முன்னே தள்ளினால் கழுத்தைக் கொடுத்துத் தாங்கும். பயந்தால் மிரளும், ஆனால் தன்னால் முடியாததைச் செய்யாது. இழுப்பதும் அடக்குவதும் ஒரே உடம்பில் இருந்தன. எஞ்சின் வந்தபோது இழுக்கும் சக்தி வண்டிக்குள் புகுந்து அதன் உறுப்பாயிற்று. பயம் மட்டும் உள்ளே வரவில்லை. மாட்டின் தயக்கத்துக்குப் பதிலாக ஒரு தனி உறுப்பைச் செய்து வைக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் பிரேக் என்கிறோம்.

3

நம் ஊர் சாலைகளில் இந்தச் சோதனையை ஒரு கம்பெனியே நடத்திக் காட்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தயாராகத் தொடங்கிய அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் உடல். ஆரம்பத்தில் அதில் இருந்தது பக்கவால்வு எஞ்சின். 1959-இல் அது போய் பி.எம்.சி.யின் 1489 சிசி மேல்வால்வு எஞ்சின் வந்தது. 1980-ஐ ஒட்டி டீசல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. ஐம்பது சொச்சம் குதிரை சக்தி இருந்த இடத்தில் 75. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றபோது, ஐம்பதுகளின் ஆங்கிலேய உடல் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தது. அதற்குள் பல எஞ்சின்கள் வந்து போயின.

'அசல்' என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றின் முன்னால் சற்று நிற்க வேண்டும். அவர்கள் மனசில் இருக்கும் அசல் அம்பாசடர் 1489 சிசி வண்டி. அதுவே ஒரு மாற்று எஞ்சின், பின்னால் வந்து குடியேறியது. அசல் என்பதற்கு ஒரு தேதி போட்டாக வேண்டும். எந்தத் தேதியைப் போட்டாலும் அது நம் இளமைக் காலத்தின் தேதியாகவே இருக்கிறது. அசலைக் காப்பாற்ற வேண்டும் என்கிற குரலில் காரைப் பற்றிய அக்கறையை விட நம்மைப் பற்றிய ஏக்கம் அதிகம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

கம்பெனி ஏன் உடலை விட்டுவிட்டு எஞ்சினை மாற்றியது? இதில் தத்துவம் ஏதுமில்லை. உடலின் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்குத்தான் பெரும் முதல் வேண்டும். எஞ்சினை இன்னொரு நாட்டில் வடிவமைத்த நிலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் காலத்தில் போட்டியே இல்லாததால் உடலை மாற்றும் அவசியமும் எழவில்லை. 1983-இல் மாருதி வந்த பிறகு அவசியம் வந்தது. அதற்குள் பணமும் தைரியமும் குறைந்துவிட்டன. சக்தியைக் கூட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான நவீனமாதல். தேசங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுத ஆசை வருகிறது. அதை வேறொருவர் எழுதட்டும்.

கம்பெனி செய்த மாற்றத்தில் மதிக்க வேண்டிய ஓர் அம்சமும் உண்டு. இசுசு எஞ்சின் வந்தபோது ஸ்டீயரிங் தண்டில் இருந்த நான்கு கியர் போய்த் தரையில் ஐந்து கியர் வந்தது. சக்தி மாறினால் அதைக் கடத்தும் உறுப்பும் மாற வேண்டும் என்பதைத் தொழிற்சாலை ஒப்புக்கொண்டது. ஆனால் பின்னால் அதே லீஃப் ஸ்பிரிங், முன்னால் அதே முறுக்குக் கம்பி. நேர்ச் சாலையில் புதிய காலத்தில் போகிற வண்டி, வளைவில் ஐம்பதுகளுக்குத் திரும்பிவிடும். பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிக்கு முன்பே பட்டறைகள் இந்த வேலையைத் தொடங்கியிருந்தன. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் வைத்து ஓட்டிய டாக்சிக்காரர்களுக்கு வேக ஆசை கிடையாது. டீசல் விலை குறைவு, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய மாற்றத்தையும், வாரக் கடைசியின் சந்தோஷத்துக்காக ஒருவர் செய்யும் மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் தேவையால் வந்ததானாலும் ஆசையால் வந்ததானாலும், அச்சுக்கும் பிரேக்குக்கும் அந்தக் காரணம் தெரியாது.

4

ஆசையால் செய்யும் மாற்றத்துக்கு மிகத் துலக்கமான உதாரணம் மினி. 1956-இன் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததையொட்டி அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்தது. 1959-இல் வெளிவந்தது. நீளம் பத்தடி, சக்கரம் பத்து அங்குலம். எஞ்சினைக் குறுக்காகப் படுக்க வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே, ஒரே எண்ணெய்த் தொட்டியில் அடக்கினார். 848 சிசி, 34 குதிரை சக்தி. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சாதாரண மனிதர் நால்வரும் அவர்கள் மூட்டையும் போவதற்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு.

அதன் முன்மாதிரியில் 948 சிசி எஞ்சின் இருந்தது. அந்த வேகம் இந்த வண்டிக்கு அதிகம் என்று முடிவு செய்து 848-க்குக் குறைத்தார்கள். கையில் இருந்த சக்தியை ஒருவன் வேண்டுமென்றே குறைத்தது அந்தக் காரில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓட்டுகிறவனுக்கு அது வெறும் போதாமையாகவே தெரியும். கட்டுப்பாடு எப்போதும் இப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் பலவீனம் மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, 1961-இல், பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் இதே மினியில் சக்தியைக் கூட்டினார். 997 சிசி, 55 குதிரை சக்தி. கூடவே முன்சக்கரங்களின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைத்தார். 1963-இல் கூப்பர் எஸ் 1071 சிசிக்கும் 70 குதிரை சக்திக்கும் போனபோது டிஸ்க்கும் பெரிதாயிற்று, பிரேக்குக்குத் துணைவிசையும் சேர்ந்தது. 1964, 65, 67 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை மினி வென்றதைச் சொல்கிறவர்கள் எஞ்சினைத்தான் புகழ்கிறார்கள். பனி படிந்த மலைப்பாதையில் வெற்றி என்பது பாதிக்கு மேல் நிறுத்துவதிலும் திருப்புவதிலும் இருக்கிறது. கூப்பர் செய்தது இரட்டைப் பதிவுக் கணக்கு. வரவில் ஒன்று எழுதினால் பற்றில் ஒன்று எழுதினார்.

பிறகு வந்தவர்கள் அதே உடலில் ஹோண்டாவின் எஞ்சினை வைக்கிறார்கள். 1980-களின் இறுதியில் வந்த 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 160 குதிரை சக்தி தந்தது. 34 இருந்த இடத்தில் 160. கியர்பாக்ஸ் அடியில் இல்லாமல் பக்கத்தில் இருப்பதால் அது பழைய இடத்தில் உட்காராது. முன்பக்கத்து இரும்புச் சட்டத்தையே புதிதாகச் செய்து பொருத்த வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர்களின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் யோசித்து, ஒரு காலத்தின் உலோகத்தை இன்னொரு காலத்தின் உலோகத்தோடு பேச வைக்கிறார்கள். இது ஒரு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பின் எல்லாக் கஷ்டங்களோடும்.

ஆனால் இயற்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு வெப்பமாக மாற்றித் தள்ள வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. காற்றின் எதிர்ப்பை வெல்ல வேண்டிய சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதனால் எஞ்சினின் சக்தியை இரட்டித்தால் உச்ச வேகம் கால் பங்குதான் கூடும். 'கால் பங்குதானே' என்று தோன்றும். அந்தக் கால் பங்கு வேகம் பிரேக்கின் மேல் ஏறக்குறைய அறுபது சதவீதச் சுமையை ஏற்றிவிடுகிறது. பிரேக் டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடி தளரும். அப்போது மிதிக்கிற கால் ஏமாற்றப்படுகிறது. வேகமாகப் போவதற்குச் செலவழித்தவன் பெற்றது கால் பங்கு. நிற்பதற்குப் பட்ட கடன் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடன் தருகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்த விகிதம் உறுத்தத்தான் செய்யும்.

5

இங்கு தலை மாறிய கதை நினைவுக்கு வருகிறது. 'கதாசரித்சாகர'த்தில் வேதாளம் சொல்லும் கதைகளில் ஒன்று. தாமஸ் மன் 1940-இல் அதை நெடுங்கதையாக்கினார், கிரீஷ் கர்னாட் 1971-இல் 'ஹயவதன'த்தில் நாடகமாக்கினார். வெட்டுண்ட இரண்டு தலைகளை அவசரத்தில் மாற்றி வைத்துவிடுகிறாள் ஒருத்தி. யார் அவள் கணவன்? தலை யாருடையதோ அவனே என்பது அரசனின் விடை. வேதாளம் அதோடு திருப்தியடைந்து மரத்துக்குத் திரும்பிவிட்டது. மன்னும் கர்னாடும் திருப்தியடையவில்லை. அவர்கள் கையில் கதை மேலே போகிறது: நாளாக ஆக, புதிதாகக் கிடைத்த உடல் தலையின் பழக்கத்துக்கு இணங்கி மாறத் தொடங்குகிறது. பண்டிதனின் தலை வாய்த்த மல்லனின் உடல் மெல்ல மெல்ல மென்மையாகிறது.

எஞ்சின் மாற்றத்தின் நெறியைப் பற்றிய பிரச்சினை இந்த இடத்தில்தான் இருக்கிறது. உயிருள்ள உடல் தனக்கு வந்த பாரத்தோடு பேரம் பேசும். பாரம் விழுகிற இடத்தில் எலும்பு தடிக்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்ஃப் 1892-இல் எழுதினார். மூட்டை தூக்குகிறவனின் தோளும், நாட்டியம் ஆடுகிறவளின் பாதமும் அதைக் காட்டுகின்றன. உலோகத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 1842-இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து நேர்ந்த விபத்துக்குப் பிறகுதான் பொறியியல்காரர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்கள். ஒரே தடவையில் முறிப்பதற்குத் தேவையானதை விட மிகக் குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால், உருக்கை முறித்துவிடும். உலோகம் பழகிக்கொள்வதில்லை, பொறுத்துக்கொள்கிறது, பிறகு ஒரு நாள் முறிகிறது. அதுவரை எந்தப் புகாரும் சொல்லாது.

பேரம் பேச முடியாத உடலுக்காகப் பேரம் பேச வேண்டியவன், சக்தியைக் கொண்டுவந்து வைத்தவனே. பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். தன் வலியைச் சொல்ல முடியாத ஒன்றின் சார்பில், அதற்கு வலிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது. ஆக்ஸில் தாங்குமா, எஞ்சின் உட்கார்ந்திருக்கிற சட்டத்தின் வெல்டிங் தாங்குமா, பத்து அங்குலச் சக்கரத்துக்குள் எவ்வளவு பெரிய டிஸ்க் வைக்க முடியும், ரேடியேட்டர் வெப்பத்தைக் கழிக்குமா என்ற கேள்விகளை வெறும் தொழில்நுட்பம் என்று தள்ளிவிட முடியாது. அவை ஒரு நெறியின் ஸ்தூல வடிவங்கள்.

6

'என் கார், என் காசு' என்பதற்கு வருகிறேன். இதை முழுவதும் மறுக்க எனக்கு மனமில்லை. தன் கையால் ஒன்றை மாற்றிப் பார்க்கும் மனிதனை, ஷோரூமில் சாவி வாங்கிக்கொண்டு போகிறவனை விட உயர்வாகவே நினைக்கிறேன். ஆனால் இந்த வாதம் கார் ஷெட்டுக்குள் நிற்கும்வரைதான் செல்லும். தெருவுக்கு வந்துவிட்டால் கார் ஒரு தோற்றமாகிறது. தோற்றம் மற்றவர்களுக்குத் தரப்படும் ஒரு வாக்கு.

சாலையைக் கடக்க நிற்கும் ஒரு கிழவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு பழைய அம்பாசடரோ, பிரிட்டனாக இருந்தால் ஒரு பழைய மினியோ வருகிறது. அவர் கணக்குப் போடுவது வாய்பாட்டால் அல்ல. இந்த முகம் உள்ள வண்டி இவ்வளவு வேகத்தில்தான் வரும் என்று முப்பது வருஷமாக அவர் கண்கள் கற்றிருக்கின்றன. அந்தப் படிப்பை நம்பி அவர் காலை எடுத்து வைக்கிறார். பழைய முகத்துக்குப் பின்னால் நான்கைந்து மடங்கு சக்தியை ஒளித்து வைத்தவன், அந்தக் கிழவர் படித்த பாடத்தை அவருக்குத் தெரியாமல் பொய்யாக்கிவிட்டான். பார்த்தால் சாது, உள்ளே புலி என்பதில்தான் இந்த ஆசையின் பெரும் கிளுகிளுப்பு இருக்கிறது என்பதை இதில் ஈடுபட்டவர்களே மறைப்பதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் புதிய காரை முந்தும்போது அந்த வேஷம் ஒரு நகைச்சுவை. அந்தக் கிழவர் விஷயத்தில் நகைச்சுவை இல்லை.

வேஷம் போடுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. வேஷம் போட்டவன் இரண்டு பேருக்காக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், தனக்காகவும், தன்னை இன்னாரென்று நம்புகிறவனுக்காகவும். சக்தி வெளியே தெரிகிறபோது எதிரில் வருகிறவன் பாதி ஜாக்கிரதையை ஏற்றுக்கொள்கிறான். தெரியாதபோது முழுவதும் நம் தலையில்.

7

நம் நாட்டுச் சட்டம் இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் மாற்றம் போன்ற சிலவற்றுக்கு வழி உண்டு. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. ஆர்.சி.யில் சேஸிஸ் எண், எஞ்சின் எண் என்று இரண்டு உண்டு. வாகனக் கடன் கோப்புகளில் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு ஒட்டியிருக்கும். அந்தக் கரிய தேய்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் இது ஏதோ ஒரு ஜீவனின் கைரேகை என்ற எண்ணம் எனக்கு வரும். வங்கிக்கு வேண்டியது அந்த ரேகை. கடன் யார் பேரில், ஈடு எது என்று தெரிந்தால் போதும்.

தடை என்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அதன் தீமையும் அதுதான். தடுக்கப்பட்டது நின்றுபோவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. சாத்திய கதவுக்குள் எஞ்சினைப் பார்க்க ஆள் இருப்பான், ஆக்ஸிலைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். தயாரிப்பாளரின் சொல்லே இறுதி என்கிற சட்டம், மாற்றுகிறவனைக் குற்றவாளியாக்குகிறது. பொறுப்புள்ளவனாக்குவதில்லை.

பிரிட்டனின் மதிப்பெண் முறை ஒரு படி மேல். மாற்று, ஆனால் அளவோடு மாற்று என்கிறது. இருந்தும் அந்த அட்டவணையை நிதானமாகப் படித்தால் அதில் ஓர் உறுப்பு விடுபட்டிருப்பது தெரியும். உடற்கூடு, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர், ஸ்டீயரிங், எஞ்சின். பிரேக் இல்லை. நாகசேனரின் பட்டியலில் குதிரை இல்லாதது போல இதில் பிரேக் இல்லை. காரணம் புரிகிறது. பிரேக்கைச் சோதிக்க வேறு பரிசோதனை உண்டு; இந்த அட்டவணை நீ யார் என்று மட்டும் கேட்கிறது. அடையாளத்தைக் கேட்கிற எந்த அட்டவணையிலும், உன்னால் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு இடம் இருப்பதில்லை போலும்.

இந்த விஷயத்தில் ஒரு முரண் இருப்பதை மறைக்க முடியாது. சக்திக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று புறப்பட்டவன் பிரேக்கை மாற்றுவான், பிறகு சக்கரத்தை, ஆக்ஸிலை, சட்டத்தை. நேர்மை கூடக்கூடப் பழைய கார் குறைந்துகொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது முகத் தகடு. பழையதை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றினால் முகமும் மிஞ்சும், உடலும் மிஞ்சும். அபாயம் ஊருக்குப் போகும். பழைய முகமும் புதிய பலமும் முழுதாக, ஒரே விலையில், கிடைக்க வேண்டும் என்பதே இந்த ஆசையின் சாரம். அப்படிக் கிடைப்பதில்லை. எவ்வளவு முகத்தை இழக்கச் சம்மதம் என்று ஒருவன் தன்னைக் கேட்டுக்கொள்கிற இடத்தில் ஆசை ஒரு தீர்மானமாகிறது. கூப்பரின் 55 அத்தகைய ஒரு தீர்மானம். அதே உடல், அதே குடும்பத்து எஞ்சின், நிற்கக் கூடிய அளவுக்கு வேகம். 160-க்கும் ஒரு நியாயமான வடிவம் இருக்கலாம். அதைச் செய்கிறவன், தான் செய்தது பழைய மினி இல்லை என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

எந்த வரிசையில் வேலை நடக்கிறது என்பதை வைத்து ஒருவனின் மனசை ஓரளவு படித்துவிடலாம் என்று நினைக்கிறேன். முதலில் எஞ்சினை வாங்கி, உட்கார வைத்து, ஓட்டிப் பார்த்து, ஆனந்தப்பட்டு, பிறகு காசு மிஞ்சினால் பிரேக்கைப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். பிரேக்கையும் அச்சையும் முதலில் முடித்துவிட்டு, பழைய எஞ்சினோடேயே சில மாதம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். அந்தச் சில மாதங்களில் அவர்களுடைய கார் தேவைக்கு மேல் நன்றாக நிற்கும், தேவைக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். பார்க்கிறவர்களுக்கு எதுவுமே மாறியிருக்காது.